கட்டண விவரச் சான்றும் சம்பளக் கணக்கும்

நாமக்கல் வட்டாரத்தில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் பரிசீலித்து ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் கலந்தாய்வு முடிந்த வாரங்களில், பிள்ளையும் பெற்றோருமாக வந்து மேசை முன் அமர்வார்கள். அவர்கள் நீட்டும் கோப்பில் நான் முதலில் தேடுவது, நான்கு ஆண்டுகளுக்கும் ஆகும் செலவைத் தலைப்புவாரியாகக் குறித்துக் கல்லூரி முத்திரையிட்டுத் தரும் கட்டண விவரச் சான்றைத்தான். ஒரே கல்லூரியின் சான்றுகளை ஆண்டுதோறும் பார்த்து வந்ததில் ஒன்று தெளிவாகப் புலப்பட்டது. கல்விக் கட்டணம் என்ற முதல் வரி அதிகம் அசையவில்லை. அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் பெருகிக்கொண்டே போயின. வேலைவாய்ப்புப் பயிற்சி, திறன் மேம்பாடு, வளர்ச்சி நிதி என்று தொடங்கிய பட்டியல், கடைசியில் 'இதர கட்டணம்' என்ற விளக்கமில்லாத ஒரு வரியில் முடியும். பல சான்றுகளில் அந்தக் கடைசி வரியின் தொகையே சிறியதாக இருக்காது.

முதல் வரி அசையாததற்குக் காரணம் உண்டு. 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியார் கல்லூரிகள் தங்கள் வளர்ச்சிக்காக நியாயமான உபரியை ஈட்டலாம், ஆனால் கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2003-இல் வந்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டண நிர்ணயக் குழு அமைந்தது. தமிழ்நாட்டுக் குழு 2017-18 கல்வியாண்டில், தேசிய அங்கீகாரம் பெற்ற பொறியியல் பாடப்பிரிவுகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் 55,000 ரூபாயும் நிர்வாக ஒதுக்கீட்டில் 87,000 ரூபாயும் ஆண்டுக் கட்டணமாக நிர்ணயித்தது. அங்கீகாரம் இல்லாதவற்றுக்கு முறையே 50,000, 85,000. நூலகம், ஆய்வகம், கணினி, விளையாட்டு, பராமரிப்பு ஆகியவற்றுக்கான செலவுகளையும் உள்ளடக்கியதாகவே குழு இத்தகைய தொகையை நிர்ணயிக்கிறது. விடுதியையும் பேருந்தையும் போல மாணவர் விரும்பினால் மட்டும் பெறும் வசதிகளுக்கே தனிக் கட்டணம் பொருந்தும். அப்படியிருக்க, நூலகக் கட்டணமும் ஆய்வகக் கட்டணமும் மீண்டும் தனித்தனி வரிகளாகச் சான்றில் இடம்பெறும்போது, ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கேட்கப்படுகிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதைச் சுட்டிக்காட்டிய சில நேரங்களில், பெற்றோர் கல்லூரிக்கு அழைக்கப்பட்டு 'வங்கியில் ஏன் இதையெல்லாம் பேசினீர்கள்' என்று கேட்கப்பட்டதும் உண்டு.

கல்லூரி நிர்வாகங்களின் தரப்பையும் சொல்லியாக வேண்டும். 60 இடங்கள் கொண்ட ஒரு பாடப்பிரிவை எடுத்துக்கொள்வோம். சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்தும் கல்லூரியில் 65 சதவீத இடங்கள், அதாவது 39 இடங்கள், அரசு ஒதுக்கீட்டுக்குச் செல்லும். மீதி 21 நிர்வாக ஒதுக்கீடு. மேற்சொன்ன கட்டணப்படி ஓராண்டு வகுப்பின் வரவு 39,72,000 ரூபாய். நான்கு ஆண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.59 கோடி ரூபாய். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதிப்படி 240 மாணவருக்கு 12 ஆசிரியர்கள் தேவை. ஏழாவது ஊதியக் குழுவைப் பின்பற்றி 2019-இல் ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த விதிகளில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். பன்னிரண்டு பேரும் புதியவர்கள் என்று வைத்துக்கொண்டாலும் அடிப்படைச் சம்பளம் மட்டுமே ஆண்டுக்கு 83 லட்சம் ஆகிறது. அகவிலைப்படியைச் சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். மின்சாரம், ஆய்வகக் கருவிகள், அலுவலகப் பணியாளர்கள், நிரம்பாத இடங்கள் ஆகியவற்றை எண்ணினால், நிர்ணயித்த கட்டணம் போதவில்லை என்ற முறையீட்டைப் பொய்யென்று நான் தள்ளமாட்டேன்.

ஆனால் அந்த முறையீடு, அந்தச் சம்பளத்தை உண்மையில் கொடுக்கும் கல்லூரிக்கே பொருந்தும். எங்கள் கிளையில் கல்விக் கடன் பெற்றுப் படித்து, எம்.இ. முடித்து, அருகிலிருந்த ஒரு கல்லூரியிலேயே உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவருடைய சம்பளக் கணக்கும் எங்களிடம்தான் இருந்தது. மாதத் தொடக்கத்தில் விதிகளுக்கு ஏற்ற ஒரு தொகை வரவாகும். அன்றோ மறுநாளோ அதில் பாதிக்கு மேல் ரொக்கமாக எடுக்கப்படும். இரண்டு மூன்று மாதங்கள் கவனித்த பிறகு, கடன் தவணை ஏன் தவறுகிறது என்று விசாரித்தேன். எடுத்த ரொக்கம் கல்லூரி அலுவலகத்துக்குத் திரும்பிப் போகிறது என்று தலைகுனிந்தபடியே சொன்னார். எஞ்சியது சுமார் 25,000 ரூபாய். நான்கு லட்ச ரூபாய்க் கடனுக்கு 10 சதவீத வட்டியில் ஏழாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 6,640 ரூபாய். மாணவியாக அவர் கட்டிய கட்டணம் யாருடைய சம்பளத்துக்கு என்று சொல்லி வாங்கப்பட்டதோ, அந்தச் சம்பளம் ஆசிரியரான பின் அவருக்கே கிடைக்கவில்லை. அன்று அவருக்குத் தவணைக் காலத்தை நீட்டித் தருவதைத் தவிர வேறெதுவும் என்னால் செய்ய முடியவில்லை என்ற வருத்தம் இன்றும் குறையவில்லை.

பன்னிரண்டு பேருக்கு 25,000 வீதம் கொடுத்தால் ஆண்டுச் செலவு 36 லட்சம்தான். விதிப்படியான சம்பளத்துக்கும் இதற்கும் இடையிலுள்ள பெருந்தொகை எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. சில இடங்களில் அந்தப் பன்னிரண்டு பேரும்கூட இருப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர் பட்டியல்களில் இருந்ததை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களுடன் வெளிப்படுத்தியது. இல்லாத ஆசிரியருக்கும் சேர்த்துத்தான் பெற்றோர் கட்டணம் கட்டியிருக்கிறார்கள்.

இது பெற்றோருக்கும் கல்லூரிக்கும் இடையிலான தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலும் அன்று. முதல் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணம் என்று அரசுப் பணம் இக்கல்லூரிகளுக்குச் செல்கிறது. அறக்கட்டளைகள் என்ற முறையில் அவை வருமான வரி விலக்கும் கோருகின்றன. ஆகவே கட்டண நிர்ணயக் குழுவின் முன் ஒவ்வொரு கல்லூரியும் வைக்கும் வரவு செலவு அறிக்கையை, குழு முடிவெடுக்கும் முன்பே பொதுவில் வெளியிட்டுப் பெற்றோர், ஆசிரியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று கோருகிறேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஆசிரியர்கள் அப்போது பெயர் குறிப்பிடாமலாவது பேச வழி பிறக்கும்.

அதுவரை நம் கைக்கு எட்டுவது ஒன்று உண்டு. என்.ஐ.ஆர்.எஃப். என்ற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் தாங்கள் அளித்த தரவுகளைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் நூலகம், புதிய ஆய்வகக் கருவிகள், சம்பளம், பராமரிப்பு, கருத்தரங்கு ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுகளில் செலவிட்ட தொகைகள் தனித்தனியே இருக்கும். சம்பளத் தொகையை ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மற்றப் பணியாளர்களின் சம்பளமும் அதில் சேர்ந்திருக்கும் என்பதால் வரும் எண் உண்மையைவிடக் கூடுதலாகவே இருக்கும். அப்படியிருந்தும் அது மிகக் குறைவாக வந்தால், கட்டணம் வகுப்பறைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். என் தம்பி மகன் இந்த ஆண்டு கலந்தாய்வுக்குச் செல்கிறான். அவன் எழுதி வைத்திருந்த ஒன்பது கல்லூரிகளில் நான்குக்கு அந்தத் தரவே கிடைக்கவில்லை. மற்ற ஐந்துக்கும் நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தோம். விருப்பப் பட்டியலின் வரிசையை மாற்றி எழுதியிருக்கிறான்.