நானூறு தரம் ஓடவிட்ட பிறகு

ஆய்வேட்டுக்காக, இரவு பகலாக இயங்கும் ஒரு தொலைபேசி உதவி நிலையத்தைக் கணினியில் போலியாக இயக்கிப் பார்த்து (சிமுலேஷன்) செய்துகொண்டிருந்தேன். நீண்டகாலப் போக்கில் அழைப்பவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதுதான் கேள்வி. 10,000 அழைப்புகளை ஓடவிட்டு, வழக்கமான சூத்திரத்தில் 90% நம்பிக்கை ஆயிடை போட்டேன். அதாவது, திரும்பத் திரும்பச் செய்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தரம் உண்மையான விடையை உள்ளடக்க வேண்டிய எல்லை. நல்ல ஒடுக்கமாக வந்தது. என் விரிவுரையாளர் சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"உண்மையான விடை அதுக்குள்ள இருக்கெண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு வெள்ளவத்தை அறையில் காத்திருப்பு நேரங்களை வரிசையாகத் திரையில் விட்டுப் பார்த்தேன். 31.2, 30.6, 31.9, 33.0... ஒருவர் நெடுநேரம் காத்திருந்தால் அடுத்தவருக்கும் அதே கதிதான். கொழும்பின் காலி வீதியில் (Galle Road) ஒரு பஸ் நின்றால் பின்னால் வருவதும் நிற்கிறதல்லவா? சூத்திரமோ ஒவ்வொரு எண்ணையும் தனித்தனித் தகவலாக எண்ணிவிடுகிறது.

சரி, விடை தெரிந்த இடத்தில் சோதிப்போம் என்று முடிவெடுத்தேன். ஒரே கவுண்டர், வருகை இடைவெளியும் சேவை நேரமும் அடுக்குக்குறிப் பரவல் (குறுகிய நேரங்கள் அதிகமாகவும் நீண்டவை அரிதாகவும் வரும்), சேவைக்குச் சராசரி 1 நிமிடம், கவுண்டர் 90% நேரம் வேலையில். இதற்கு வரிசைக் கோட்பாடு தரும் சராசரிக் காத்திருப்பு சரியாக 9 நிமிடம். 400 தரம் ஓடவிட்டு, எத்தனை ஆயிடைக்குள் 9 விழுகிறது என்று எண்ண வேண்டும். 360ஐ ஒட்டி வரவேண்டும்.

முதல் தடவை 400 விடையும் ஒன்றேதான்! எல்லா ஓட்டத்துக்கும் ஒரே சீட் எண்ணை, அதாவது எழுந்தமான எண்களைத் தொடக்கிவைக்கும் எண்ணை, கொடுத்திருக்கிறேன். திருத்தி ஓடவிட்டால், 9 உள்ளே விழுந்தது 30 தரம்கூட இல்லை. திரையைப் பார்த்தபடியே இருந்துவிட்டேன். கணக்குப் போட்டால், அந்த ஆயிடை ஏறத்தாழ 19 மடங்கு அகலமாக இருந்திருக்க வேண்டும்.

அப்புறம் தொகுதிச் சராசரி முறை: அடுத்தடுத்த அழைப்புகளைத் தொகுதிகளாகக் கட்டி, ஒவ்வொரு தொகுதியின் சராசரியையும் ஒரே எண்ணாக எடுப்பது. 500 அழைப்புகளாகக் கட்டியபோது 300ஐ ஒட்டி வந்தது. தொகுதிகளுக்கிடையிலும் தொடர்பு மிஞ்சியிருந்தது. ஓட்டத்தை ஒரு இலட்சமாக்கி, 10,000 வீதம் பத்துத் தொகுதி கட்டியதும் 350ஐ எட்டியது. ஓட்டத்தின் நீளத்தை மிச்சம்பிடித்தால் எந்த முறையும் கைகொடுக்காது என்று அப்போதுதான் நம்பினேன். வரிசை காலியாகத் தொடங்குவதால் வரும் பிழையையும் கவனிக்க வேண்டும். நீண்ட ஒரே ஓட்டத்தில் அது கரைந்துவிடும். குறுகிய ஓட்டங்கள் பலவற்றைச் சேர்த்தாலோ ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப வரும். ஆரம்பப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும்.

ஆய்வேட்டில் உதவி நிலையத்தின் ஆயிடை இப்போது அகலமாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்பக்கத்தில் இந்த 400 ஓட்ட அட்டவணையை வைத்திருக்கிறேன்.