கோட் இல்லாத படம்

யூலை 6, 2025, ஞாயிறு

பேணியைக் கவிழ்த்து எண்ணினேன். 1,860 ரூபா இருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதைச் சம்பளம் என்று எவரும் சொல்வதில்லை. கொடுப்பனவு என்று எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு, சீட்டுக்கு, டேட்டாவுக்கு என்று போக மிஞ்சுவது இந்தப் பேணிக்குள் விழும். ஆசைக்காசு என்று பெயர் வைத்திருக்கிறேன். ஓகஸ்ட் முடியுமுன் அதற்குள் மூன்று வேலை பார்க்க வேண்டும். ஆவணியில் மச்சாளின் கலியாணம், அதற்கு உடுக்க ஒன்று. அம்மம்மாவை ஒரு நல்ல படம். முன் அறைச் சுவருக்கு ஏதாவது.

சுவரில் இப்போது தொங்குவது அம்மப்பாவின் படம் மட்டும்தான். 2009 இல் பெட்டி படுக்கையை எல்லாம் வழி வழியே விட்டுவிட்டு வந்தோம். கலியாண அல்பமும் அதோடு போனது. அம்மம்மா பொலித்தீனில் சுற்றி மடிக்குள் வைத்திருந்த அடையாள அட்டைகள்தான் வந்து சேர்ந்தன. பின்னாளில் அம்மப்பா மோசம் போனபோது, அட்டையில் முத்திரை அளவில் இருந்த முகத்தை ஒரு ஸ்ரூடியோவில் பெருப்பித்தார்கள். பெருப்பித்ததோடு விட்டிருக்கலாம். கறுப்புக் கோட்டும் சிவப்பு ரையும் போட்டு, பின்னால் நீலத் திரையும் விட்டுக் கொடுத்தார்கள். கழுத்து ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம். வெட்டி ஒட்டும்போது இடது காதின் நுனியையும் கொண்டுபோய்விட்டார்கள். வட்டக்கச்சியில் வயல் செய்த மனிதர், வாழ்நாளில் சட்டைக்கும் சால்வைக்கும் மேல் ஒன்றும் போட்டதில்லை. அம்மம்மா தினமும் பூ வைக்கிறார். “ஆரோ கிளாக்கருக்கு வைக்கிற மாதிரிக் கிடக்கு” என்பார்.

யூலை 10, வியாழன், போயா விடுமுறை

விடிய ஐந்தே முக்காலுக்கு இரணைமடுக் குளக்கட்டில் நின்றேன். சைக்கிள்தான், செலவு இல்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பதால் குளம் உள்வாங்கி, சேற்று விளிம்பு வெளியே தெரிகிறது. அதில் நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன.

என் போன் தம்பி பாவித்துக் கழித்தது. பின்பக்கம் வெடித்து செலோரேப்பில் நிற்கிறது. கமராவுக்கு நான் செய்யும் ஒரே பராமரிப்பு, எடுக்குமுன் பழைய நூல்சீலைத் துண்டால் துடைப்பது. படம் மங்கல் என்று நாம் போனைத் திட்டுவதில் பாதி, விரலில் இருந்த எண்ணெய்க்குச் சேர வேண்டிய திட்டு. சூமைத் தொடுவதில்லை, நடந்து கிட்டப் போகிறேன். வெளிச்சம் கூடிப்போனால் முகத்தின்மேல் விரலை வைத்துக் கீழே இழுத்துக் குறைக்கிறேன். ஏழரைக்குப் பிறகு எடுத்துப் பயனில்லை. இந்த மாதத்து வெயிலில் எல்லாம் வெளிறி, கண் இருக்கும் இடம் குழியாகிவிடும்.

ஒருவர் வள்ளத்தின் விளிம்பில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். வாயில் நூல், கால் பெருவிரலில் வலைக்கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். எடுக்கலாமோ என்று கேட்டேன்.

“எந்த என்ஜீஓ தங்கச்சி?”

ஒன்றும் இல்லை, சும்மா என்றேன்.

“சும்மா ஆர் படம் எடுக்கிறது? வீட்டுத்திட்டமோ?”

அந்தப் பெருவிரலை எடுத்தேன். காட்டியதும் அவருக்குச் சிரிப்பு. “மூஞ்சிய விட்டிட்டுக் கால எடுத்திருக்கிறியள். இதுக்கு என்ன குடுப்பாங்கள்?” மொத்தம் 140 எடுத்து 131 அழித்தேன். அந்தக் கால் இருக்கிறது.

யூலை 13, ஞாயிறு

அம்மம்மாவிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஏன் பிள்ளை, அஞ்சலி நோட்டீசுக்கோ?”

யோசித்தால் அவர் பிழை இல்லை. இங்கே வயது போனவர்களைத் தனியே நிறுத்திப் படம் எடுத்தால் அது ஒன்றுக்குத்தான். இல்லையென்றால் ஏதாவது கொடுக்கும்போது எடுப்பார்கள். அம்மம்மா மூன்று தரம் நின்றிருக்கிறார்: கிணறு கட்டித் தந்தபோது கிணற்றோடு, ஆடு தந்தபோது ஆட்டோடு, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது நெஞ்சுக்கு நேரே இலக்கம் எழுதிய மட்டையோடு. மூன்றும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கும். எங்களுக்கு ஒரு பிரதிகூடத் தரவில்லை. “ஆட்டுக்குப் பக்கத்தில வடிவாத்தான் நிண்டனான்” என்று மட்டும் சொன்னார்.

யூலை 16, புதன்

இரவு ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அந்தக் காலப் புகைப்படக்காரர் பற்றி வாசித்தேன். அவருக்கு முதல் கமரா கிடைத்தபோது வயது 48, மகள் கொடுத்த அன்பளிப்பு. இங்கிலாந்து வீட்டில் கோழிக்கூட்டை வெறுமையாக்கி ஸ்ரூடியோ ஆக்கினார், நிலக்கரிக் கொட்டில் இருட்டறையானது. 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே இறந்தார். புதைத்தது பொகவந்தலாவையில். வசதியான குடும்பம், தோட்டங்கள் இருந்த குடும்பம், அதனால் பட்ஜெட் விஷயத்தில் அவர் எனக்குச் சொந்தம் கொண்டாட முடியாத ஆள். இங்கே தோட்டத் தொழிலாளரை எடுத்திருக்கிறார். பார்த்தவற்றில் முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ஆனால் கோழிக்கூடு பிடித்துக்கொண்டது. எங்கள் கூட்டைப் போய்ப் பார்த்தேன். ஆறு கோழியும் அடைகாப்பது ஒன்றும் இருப்பதால் எண்ணத்தைக் கைவிட்டேன்.

யூலை 20, ஞாயிறு

இன்று மஞ்சள்.

இலைச்சாறு, பூச்சாறு பூசிய கடதாசி வெயிலில் வெளிறும். மறைத்த இடம் வெளிறாது. 1842 இல் ஜோன் ஹேர்ஷல் என்ற வானியலாளர் இப்படிப் படம் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். கமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம், வெயில் வேண்டும். வன்னியில் வேறு எது இல்லாவிட்டாலும் ஆடி மாதத்து வெயில் இருக்கிறது. மஞ்சளில் இது நன்றாக வருமாம். 2020 இல் இறக்குமதியை நிறுத்தி மஞ்சள் பவுண் விலை விற்றபோது இதை அறிந்திருந்தால் அம்மா என்னைத் துரத்தியிருப்பார்.

முதலில் தண்ணீரில் கரைத்தேன். பிழை. மஞ்சள் தண்ணீரில் கரைவதில்லை. காய்ந்ததும் தூள் தூளாக உதிர்ந்தது. பார்மசியில் ஸ்பிரிற் வாங்கினேன், 250 ரூபா. சித்திரக் கடதாசி ஐந்து, 150. ஒரு மேசைக்கரண்டி மஞ்சளை ஸ்பிரிற்றில் கலக்கி, அடையவிட்டு, தெளிந்ததை மட்டும் தூரிகையால் பூசி, கட்டிலுக்குக் கீழே காயவைத்தேன். மேலே ஒரு முருங்கை இணுக்கு, அதன்மேல் உடைந்த படச்சட்டத்தின் கண்ணாடி, நாலு மூலைக்கும் உடுப்பு கவ்வி. பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை கிணற்றுக்கட்டில் வைத்தேன். கோழி இரண்டு தரம் ஏறி நடந்தது.

இணுக்கை எடுத்தால், வெளிறிய தாளில் இலை ஒவ்வொன்றும் மஞ்சளாக நிற்கிறது. ஓர் இலையில் பூச்சி அரித்த ஓட்டைகூட வந்திருந்தது. நான் துள்ளியதைப் பார்த்துத்தான் அம்மம்மா கிட்ட வந்தார். இதை இன்னும் கடுமையாக்க வெண்காரக் (போராக்ஸ்) கரைசல் பூச வேண்டும், அது என்னிடம் இல்லை என்றேன்.

“ஆலாத்தித் தண்ணி எப்பிடிச் சிவக்கிறது எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?” என்று வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தந்தார். கரைத்துத் தெளிந்த தண்ணீரைப் பூசினேன். தூரிகை போன வழியெல்லாம் இலைகள் செங்கல் நிறமாகிக்கொண்டு வந்தன. வெண்காரமும் சுண்ணாம்பும் செய்வது ஒரே வேலை, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். கலியாண வீடு தவறாமல் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் யோசிக்கவில்லை.

யூலை 27, ஞாயிறு

உடுப்பு. மாமி வீட்டார் வவுனியாவுக்குப் போய்ப் பட்டு எடுத்தார்கள். நான் அம்மம்மாவின் பெட்டியில் இருந்து வெள்ளை நூல்சீலை ஒன்றை எடுத்தேன். மடிப்பில் பழுப்புக் கறை. கறையை மறைக்க முழுச்சீலையையும் தேயிலைச் சாயத்தில் அவித்தேன். இரண்டு கிழமையாகச் சேர்த்த சக்கைதான். கஞ்சி போகத் துவைக்காமல் போட்டது என் அவசரம்; திட்டுத் திட்டாகப் பிடித்தது, மாட்டுத் தோல் மாதிரி. அழுகை வந்தது உண்மை.

பிறகு நன்றாகத் துவைத்துத் திரும்ப அவித்தேன். கறள் பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வாளியில் விட்டு முக்கினேன். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். மண்ணிறம் கண்முன்னே சாம்பலாக மாறியது, மழைக்கு முந்தின வானத்தின் சாம்பல். திட்டுகள் முழுதாகப் போகவில்லை, ஆனால் இப்போது வேண்டுமென்றே போட்ட மாதிரி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் சாயவேர் கிண்டிச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள், ஒல்லாந்தர் அதில் வருமானம் பார்த்தார்கள். நான் ஆணியோடு நிற்கிறேன்.

முன்வீட்டு அக்கா மிச்சத் துணியில் சட்டை தைத்துத் தர 600 கேட்டார். சரி என்றேன். மலிவான துணிக்குத் தையல் மட்டும் மலிவாக இருக்கக்கூடாது.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

அம்மம்மா வாசற்படியில் இருந்து சுளகில் அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். பின்னேர வெளிச்சம் முற்றத்து மண்ணில் பட்டுத் தெறித்துக் கீழிருந்து வந்தது. “கையை மட்டும் எடுக்கட்டோ?” என்று கேட்டேன். கைக்கு அஞ்சலி நோட்டீஸ் அடிக்க முடியாது என்பதால் சம்மதம். தம்பி வெள்ளை உரப்பை ஒன்றை விரித்துப் பிடித்தான், நிழல் பக்கமும் கொஞ்சம் வெளித்தது. அரிசி மேலே எழும்பிய கணம், பெருவிரல் சுளகின் விளிம்பை அழுத்தி நகம் வெளுத்திருக்கிறது. உமி ஒன்று மணிக்கட்டில் ஒட்டியிருக்கிறது.

போனைக் கையில் வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். “இது அம்மான்ர கை” என்றார். பூட்டியை நான் கண்டதில்லை. அவரின் படம் அந்த அல்பத்தில்கூட இருந்ததில்லையாம். பிறகு அரிசியைப் பார்க்கப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தால் உள்ளே இருந்து குரல்: “முகத்தையும் எடுக்கிறதெண்டால் சீலை மாத்தோணும்.”

ஓகஸ்ட் 9, சனி

கொமினிகேசன் கடையில் அந்தக் கைப்படத்தை கறுப்பு வெள்ளையாக ஓஎச்பி தாளில், கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில், அடித்தேன், 120. நெகற்றிவ் ஆக்க வேண்டாமோ என்று பெடியன் கேட்டான். வேண்டாம், கறுப்பு மறைக்கும் இடத்தில் மஞ்சள் தங்கும், நேர்ப்படமே வரும் என்றேன். முதல் தாள் வீண், வெளிச்சமும் இருட்டும் போதாமல் எல்லாம் ஒரே சேறு. போனில் கறுப்பைக் கூட்டித் திரும்ப அடித்தேன், இன்னொரு 120. முருங்கைக்கு மூன்று மணி நேரம் போதும், இதற்கு ஐந்து பிடித்தது. நகத்தின் வெளுப்பு வந்தது, உமி வரவில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

மடு மாதா கோயில் திருநாள். ஏ9 வீதி முழுக்க பஸ். முறிகண்டியில் கச்சான் 100 ரூபாவுக்கு வாங்கினேன். படம் ஒன்றும் எடுக்கவில்லை, கை முழுக்க உப்பு.

ஓகஸ்ட் 29, வெள்ளி

கலியாணம் முடிந்தது. பட்டுகளுக்கு நடுவில் என் சாம்பல் சீலை, கஞ்சி போட்டு மொறமொறவென்று. மச்சாள் மணவறையில் இருந்தபடியே கேட்டாள்: “எங்கயடி எடுத்தனி, கொழும்பிலயோ?” ஆணியைப் பற்றிச் சொல்லவில்லை. வியர்வைக்குச் சாயம் இறங்கி, இரவு பார்த்தால் இடுப்பில் சாம்பல் வரி.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இந்த நாட்களில் சூரியன் எங்களுக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் வருகிறது. மத்தியானம் சைக்கிளின் நிழல் சைக்கிளுக்குக் கீழேயே கிடக்கிறது. இந்த வெயிலை விடக்கூடாது.

கைப்படத்தைச் சுவரில் மாட்ட முடியாது என்று நேற்று அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். மஞ்சள் படத்தை நிலைக்க வைக்க வழி இல்லை, வெளிச்சம் பட்டால் மெல்ல மெல்ல வெளிறிவிடும். அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை. சீலைப் பெட்டியில் வைத்து, வேண்டியபோது எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். பெட்டிக்குள் கையை விட்டவர் பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே அம்மப்பாவின் அடையாள அட்டை. “இதையும் உந்த மஞ்சளில போடு.”

நேற்றே போய் அட்டையைப் பெருப்பித்து ஓஎச்பியில் அடித்து வந்தேன். இன்று பத்தரையிலிருந்து மூன்றரை. அம்மம்மா பனைமட்டையோடு கிணற்றடியில் இருந்து கோழி காத்தார். சுண்ணாம்புத் தண்ணீர் பூசியதும் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, திறந்த கழுத்துச் சட்டை வந்தது. இடது காது முழுதாக வந்தது.

“கோட் இல்லை” என்றார் அம்மம்மா.

“ஓம்.”

கொஞ்ச நேரம் பார்த்தார். “சால்வையும் இல்லையே. நீ ஒண்டு கீறிவிடு பிள்ளை.”

இல்லாததைச் சேர்த்ததற்குத்தானே அந்த ஸ்ரூடியோக்காரனை இவ்வளவு நாளும் திட்டினோம் என்றேன். அவனுக்குக் கோட் போடச் சொன்னது யார் என்று அப்போதுதான் கேட்டேன். பெரியமாமாதானாம். கனடாவில் இருந்து போன் எடுத்து, அப்பா மதிப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னாராம்.

தூரிகையை மஞ்சளில் தோய்த்தேன். எந்தத் தோள் என்று கேட்டேன்.

“இடம். கரை வெளிய தெரிய மடிச்சு.”