கணக்குப்பிள்ளை பெட்டிக்குக் கீல் தேடிய கதை

பெட்டியின் மரவேலையை ஆசாரி சீக்கிரமே முடித்துக் கொடுத்துவிட்டார். கீல், பூட்டு, கைப்பிடி, இந்த மூன்றும்தான் என்னை ஓசூர், பெங்களூரு, காரைக்குடி என்று அலைய வைத்தன. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் உறவினரின் மண்டி வீட்டைப் பிரித்தபோது வெளியே வந்த பெட்டி அது. கணக்கு எழுதச் சாய்வான மூடி, தேக்கு, உள்ளே சில்லறை போட அறைகள். "திப்பு காலத்துப் பெட்டிடா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

திப்பு காலமா இல்லையா என்பதைப் பெட்டியே சொல்லிவிட்டது. மூடியில் இரண்டு கீல்கள். ஒன்றில் இருந்தது ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி வெட்டியது. அந்தத் தலை 1930களின் நடுவில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுச் சந்தைக்கு வந்தது. ஆகவே அது பின்னால் யாரோ செய்த ரிப்பேர். இன்னொரு கீல், தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அடியில் ஒரே வரிசைத் துளை, வேறு ஓட்டையே கிடையாது. அசல் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அதன் ஸ்க்ரூவுக்கு ஒற்றைக் கோட்டுத் தலை, கூரான நுனி. பழைய மர ஸ்க்ரூக்களின் நுனி மொட்டையாக இருக்கும். கூர்நுனியை இயந்திரத்தில் செய்யும் முறை 1840களில்தான் கைகூடியது. 1854இல் இங்கிலாந்தில் நெட்டில்ஃபோல்ட் ஆலை அதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் பரவலானது. பின்பலகையில் இருந்ததோ உருண்டையான கம்பி ஆணி. அது பரவலானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். திப்பு எங்கள் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தது 1792இல். பெரியவர்களிடம் இதை விளக்கப் போகவில்லை. 1900ஐ ஒட்டிய சாமான் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டு அதற்கேற்பத் தேட ஆரம்பித்தேன்.

கழன்று போன கைப்பிடியின் நிழல் மரத்தில் அப்படியே இருந்தது. வெயிலும் கையும் படாததால் நிறம் மாறாத வெளிர் தழும்பு. அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். பூட்டின் பள்ளத்தையும் அளந்தேன்: நீளம், அகலம், ஆழம், மேல் விளிம்பிலிருந்து சாவித்துளை வரை உள்ள தூரம். கடைசியாகச் சொன்ன அளவுதான் முக்கியம் என்று பிறகு தெரிந்தது.

ரவுண்டானா பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று கேட்டால் பெட்டி பெட்டியாக எடுத்துப் போடுகிறார்கள். முக்கால்வாசி துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே பழுப்பு பூசியவை. காந்தத்தை வைத்துப் பார் என்பார்கள். இரும்பில் பித்தளை முலாம் போட்டது மட்டும்தான் அதில் மாட்டும், துத்தநாகம் தப்பிவிடும். பின்பக்கத்தை அரத்தால் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் மஞ்சளா சாம்பலா என்று தெரிந்துவிடும். அளவு விஷயத்தில் மட்டும் அந்தக் கடைகள் உதவின. நாடு மெட்ரிக்குக்கு மாறி அறுபது வருஷம் தாண்டியும் கீல் இன்னும் இஞ்சில்தான் விற்கிறது, நல்லவேளை.

சரியான இடம் பழைய இரும்புக் கடை. வீடு இடிப்பவர்கள் கதவு, ஜன்னலோடு கொண்டுவந்து போடும் கடைகள். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கடைக்காரர் பழக்கமானார். பித்தளை அவருக்கு எடைதான். கோணியில் கட்டி உருக்க அனுப்பிவிடுவார். "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்கண்ணா, எடை ரேட்டுக்கு மேலயே தர்றேன்" என்று சொல்லி வைத்தேன். "இந்த ஓட்டைக் கீலுக்கா சார் இவ்ளோ தூரம் வர்றீங்க?" என்று சிரித்தார், ஆனால் போன் போட்டார். உளுத்துப்போன அலமாரிக் கதவு ஒன்று வந்திருந்தது. அதில் இருந்த கீல்களின் அகலமும் துளை வரிசையும் என் பெட்டியோடு பொருந்தின. கதவோடு வாங்கிக்கொண்டேன். கீலோடு அசல் ஸ்க்ரூவும் வருமே, அதற்காகத்தான்.

அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. கோட்டில் அடைந்த வார்னிஷை ஊசியால் சுரண்டி எடுத்தேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை அரத்தால் ராவி, கோட்டில் இறுக உட்காரும்படி செய்துகொண்டேன். சாலிடரிங் அயர்னைத் தலையில் சிறிது நேரம் வைத்து, ஆறவிட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி திருப்பினால் பிடி விடும்; அப்புறம் கழற்றலாம். திரும்ப மாட்டும்போது நேராகப் பித்தளை ஸ்க்ரூவை முறுக்கினால் தேக்கில் கழுத்து உடைந்துவிடும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஓட்டி வழி செய்து, எடுத்துவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி மாட்ட வேண்டும்.

பூட்டுக்குத் திண்டுக்கல் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அந்த ஊர் பேர் வாங்கியது தொங்கு பூட்டில். எனக்கு வேண்டியது மூடிப் பெட்டிக்குள் பதிக்கிற பூட்டு. மூடியில் இருக்கும் கொக்கித் தகடு கீழே இறங்க, உள்ளே நாக்கு பக்கவாட்டில் ஓடி அதைப் பிடிக்க வேண்டும். அலமாரிப் பூட்டில் நாக்கு வெளியே நீளும். மூடியை அது பிடிக்காது. பெங்களூரு சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிறு சந்தையில் அலமாரிப் பூட்டுகளே குவிந்து கிடந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்தான் கிடைத்தது. சாவி இல்லை, அதனால் விலையும் குறைந்தது. சாவித்துளையின் தூரம் என் அளவோடு ஒரு நூல்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தால் பெட்டியின் முகப்பில் புதுத் துளை போட வேண்டியிருக்கும். ஊருக்கு வந்ததும் சாவிக்காரர் மூடித் தகட்டைக் கழற்றி, உள்ளே சாவி தூக்கும் தகடுகளான லீவர்களைப் பார்த்தபடியே வெற்றுச் சாவியை அரத்தால் ராவினார். ஒவ்வொரு லீவரும் சரியான உயரத்துக்குத்தான் எழ வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் நாக்கு நகராது. அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நேரம்தான் இந்த அலைச்சலிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

கைப்பிடி எங்கும் கிடைக்கவில்லை. மிஞ்சியிருந்த ஒன்றை அச்சாக வைத்து ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் வார்த்தோம். பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும். நாலு இஞ்ச் கைப்பிடி ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்துவிடும், துளை பொருந்தாது. பட்டறைக்காரர் அசலின் இரு முனையிலும் மெழுகு ஏற்றி நீளத்தைக் கூட்டிய பிறகே மணலில் பதித்தார்.

புதுக் கைப்பிடி பளபளவென்று தனியாகத் தெரிந்தது. அம்மோனியா புகையில் வைத்தால் ஒரே இரவில் கறுக்கும் என்று சிலர் யோசனை சொன்னார்கள். கறுக்கும்தான். ஆனால் அடித்தோ வளைத்தோ செய்ததில் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையில் அம்மோனியா விரிசல் விட வைக்கும். இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் அப்படித்தான் விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியா. வார்ப்புக்கு ஆபத்து குறைவு என்றாலும் எனக்கு மனசு வரவில்லை. கைப்பிடியின் உள்பக்கத்தில் வருஷத்தைப் பொறிக்கச் சொல்லிவிட்டு அப்படியே மாட்டினேன். பொய்யாகப் பழசாக்குவதைவிட அதுவே தேவலை. அசல் உருப்படிகளின் கறுப்பையும் தொடவில்லை. புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பிய அக்காவைத் தடுக்க வேண்டியிருந்தது. புளிக்குப் பேர்போன ஊரில் இது லேசான காரியமில்லை.

கழற்றிய ஸ்டார் ஸ்க்ரூக்களையும் உடைந்த கீலையும் ஒரு கவரில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி உள் அறையில் வைத்திருக்கிறேன். சில்லறை அறை மூடியின் சின்னக் குமிழ் ஒன்றுதான் இன்னும் பாக்கி. பித்தளை, தலை அரை இஞ்ச், பின்னால் மரை இல்லாத முளை, அடித்து மடக்குவது. இடிக்கிற வீட்டில் எங்காவது கண்ணில் பட்டால் உருக்கப் போகும் முன் சொல்லுங்கள்.