சி மொழியில் ஒரு பிஎம்பி படம்: பைட் பைட்டாகப் படித்து எழுதியது

எடுத்துக்கொண்ட வேலை இது: ஒரு பிஎம்பி படத்தைத் திறந்து, நிறங்களைத் தலைகீழாக்கி, புதுக் கோப்பாக எழுத வேண்டும். வெளி லைப்ரரி எதுவும் இல்லை. கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, உள்ளே இடம் நகர சியிலேயே இருக்கும் எஃப்ஓப்பன், எஃப்ரீட், எஃப்ரைட், எஃப்சீக் மட்டும். பைனரி கோப்பு (எழுத்தாக இல்லாமல் வெறும் பைட்டுகளாக இருப்பது) பழக பிஎம்பி ரொம்ப நல்ல இடம். சுருக்கப்படாத சாதாரண 24 பிட் படத்தில் ஹெடர் (படத்தின் விவரம் இருக்கும் தொடக்கப் பகுதி) 14 + 40 பைட், அதற்குப் பிறகு நிறங்கள்தான்.

அந்த முதல் 14 பைட்டில்தான் அதிக நேரம் நின்றேன். உள்ளே 2, 4, 2, 2, 4 பைட் அளவில் ஐந்து எண்கள். அதே வரிசையில் ஒரு ஸ்ட்ரக்ட் (பல எண்களை ஒன்றாகக் கட்டும் அமைப்பு) எழுதி, அதன் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் பார்த்தால் 16 என்கிறது! 4 பைட் எண்ணை நாலால் வகுபடும் முகவரியில் வைப்பதற்காக, முதல் 2 பைட்டுக்குப் பின்னால் கம்பைலர் 2 பைட் காலியாக விடுகிறது. இந்த ஸ்ட்ரக்டை அப்படியே எஃப்ரீட்டிடம் கொடுத்தால், கோப்பு அளவின் முதல் பாதி அந்தக் காலி இடத்தில் போய் விழும். மீதி எல்லாம் இடம் மாறிவிடும். காலி இடம் விடாமல் பேக் செய்யச் சொல்லிக் கம்பைலருக்கு உத்தரவு கொடுக்கலாம்தான். ஆனால் அது கம்பைலருக்குக் கம்பைலர் மாறும், எண்ணின் எந்த பைட் முதலில் வரும் என்ற பைட் வரிசைப் பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

அதனால் ஹெடரை அன்சைன்ட் கேர் அரேயில் (0 முதல் 255 வரையான பைட்டுகளின் வரிசையில்) படித்து, எண்களை நானே கோக்கிறேன். பிஎம்பி லிட்டில் எண்டியன். அதாவது, எண்ணில் மதிப்புக் குறைந்த இடத்து பைட் முதலில். 301 × 200 படத்தில் கோப்பு அளவு 118, 194, 2, 0 என்று இருந்தது. 118 + 194 × 256 + 2 × 65536 = 180854. டைரக்டரியில் காட்டும் அளவும் அதேதான். அந்தப் பொருத்தத்தைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம். நிரலில் இந்தப் பெருக்கலை, பிட்களை இடப்பக்கம் தள்ளித்தான் (ஷிஃப்ட்) செய்கிறேன்; அதற்கு முன் ஒவ்வொரு பைட்டையும் 32 பிட் அன்சைன்டாக (குறை எண் இல்லாத வகையாக) மாற்றுவது அவசியம். இல்லாவிட்டால் 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட்டை 24 இடம் தள்ளும்போது, குறை எண்ணைக் காட்டும் சைன் பிட்டில் போய் இடிக்கும்.

படத்தின் ஒவ்வொரு வரியும் 4-இன் மடங்காக முடிய வேண்டும். 301 பிக்சலுக்கு 903 பைட், கூடவே ஒரு நிரப்பு பைட். நிறங்களை மட்டும் 255-இலிருந்து கழித்துவிட்டு, நிரப்பு பைட்டைத் தொடாமல் எழுதினேன். வரிகள் கீழிருந்து மேலாக இருக்கின்றன, நிறம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில். இந்த வேலைக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

கோப்பைத் திறக்கும் ஓப்பன் மோடில் 'பி' (பைனரி) கட்டாயம். விண்டோஸில் அதை விட்டால், எழுதும்போது 10 என்ற ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு 13 சேர்ந்துவிடும். படிக்கும்போது 26 வந்தால் கோப்பு முடிந்ததாக நின்றுவிடும். லினக்ஸில் வித்தியாசமே தெரியாது. வைல் லூப்பில், கோப்பு முடிந்ததா என்று கேட்கும் எஃப்இஓஎஃப்பை வைக்கவில்லை, எஃப்ரீட் திருப்பித் தரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கிறேன்.

சோதனைக்கு, மாற்றிய படத்தையே மறுபடி மாற்றி அசலோடு ஒப்பிட்டேன். ஒரு பைட்கூட வித்தியாசமில்லை. அடுத்தது 8 பிட் படம்; அதில் ஹெடருக்கும் பிக்சலுக்கும் நடுவே நிற அட்டவணை இருக்கும். ஆகவே 54 என்று எழுதி வைத்த இடத்தில், 10-ஆம் ஆஃப்செட்டில் (தொடக்கத்திலிருந்து 10 பைட் தள்ளி) இருக்கும், பிக்சல் தொடங்கும் இடத்தைச் சொல்லும் எண்ணைப் படித்து அங்கே எஃப்சீக் செய்யும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன்.