பொங்கல் போட்டியும் கார்ட்டூன் விடுகதையும்: ஒரு நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

எங்க தெரு பொங்கல் போட்டி இந்த வருஷமும் காணும் பொங்கல் அன்னிக்குத்தான்னு முடிவாயிடுச்சு. கோலம், மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், உறியடி எல்லாம் வழக்கம்போல. சின்னப் பசங்களுக்கு புதுசா ஏதாவது வெக்கலாம்னு தெரு இளைஞர்கள் வந்து கேட்டாங்க, நான் யோசிக்காம கார்ட்டூன் விடுகதைன்னு சொல்லிட்டேன். க்ளூ மட்டும் சொல்லுவோம், யாருன்னு அவங்க கண்டுபிடிக்கணும், படம் காட்டக்கூடாது, டைட்டில் பாட்டு போடக்கூடாது. "படம் காட்டினா ஈஸியா இருக்கும்ல மிஸ்"ன்னு ஒரு பையன் கேட்டான். ஈஸிதான், ஆனா படத்தப் பாத்து பேர் சொல்றதுக்கு ஞாபகம் இருந்தா போதும், நாலு வார்த்தையக் கேட்டு அந்த உருவத்த மனசுக்குள்ள வரவெக்கிறதுல இருக்குற சந்தோஷமே வேற. வேலூர் சத்துவாச்சாரியில டியூஷன் எடுக்குறதால தினம் பாக்குறேன், வாய்ப்பாடு சொல்லச் சொன்னா தலையக் குனியிற பசங்க கூட விடுகதைன்னா நிமிந்து உக்காருவாங்க.

சாயங்காலம் டியூஷன் முடிஞ்சதும் ஒரு ட்ரையல். காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் வாட்ஸ்அப்ல அனுப்பின முதல் க்ளூ: "நீலக் கலர் பூனை." பாதிப் பேர் டோரேமான்னு கத்துனாங்க, பாதிப் பேர் ஓகின்னு கத்துனாங்க, மூலையில இருந்த ஒருத்தன் மட்டும் மெதுவா டாம்னு சொன்னான். யோசிச்சுப் பாருங்க, மூணுமே சரிதான். டோரேமான் ஜப்பான், ஓகி பிரான்ஸ், டாம் அமெரிக்கா, மூணு நாட்டுக்காரங்களும் பூனைக்கு நீலத்தையோ நீலச் சாம்பலையோதான் பூசி வெச்சிருக்காங்க. அப்பவே நோட்டுல எழுதிட்டேன், நம்ம க்ளூல கலர் வரக்கூடாது.

ஜனவரி 5, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டதும் டோரேமானையே எடுத்துக்கிட்டு உக்காந்தேன். நல்ல விடுகதைக்கு வேண்டிய எல்லாமே அவன்கிட்ட இருக்கு. 22ஆம் நூற்றாண்டுல இருந்து வந்த ரோபோ பூனை, காத எலி கடிச்சுத் தின்னுட்டதால எலின்னாலே அலர்ஜி. பிறந்த நாள் 2112 செப்டம்பர் 3. உயரம் 129.3 செ.மீ., எடையும் 129.3 கிலோ, அந்த நம்பர அவ்ளோ பிடிச்சுப்போய் எழுதியிருக்காங்க. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ இந்தக் கதைய ஆரம்பிச்சது 1969 கடைசியில, அப்படின்னா நம்ம பசங்களோட தாத்தாங்க பள்ளிக்கூடம் போன காலம். இவ்ளோ விஷயத்துல எத எடுக்கிறது எத விடுறதுன்னுதான் யோசிக்கணும். உயரம் எடை எல்லாம் படிச்சு மனப்பாடம் பண்ணவங்களுக்குத்தான் தெரியும், விடுகதைக்கு ஆகாது. பாத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதா இருக்கணும், ஆனா அந்தக் கோணத்துல அவங்க யோசிச்சிருக்கக் கூடாது. அப்படிப் பாத்து எழுதினது இது:

இன்னும் நான் பொறக்கவே இல்ல, ஆனா தினமும் உங்க வீட்டு டிவியில வரேன்.
எனக்கும் காது இருந்துச்சு, எலி தின்னுட்டுப் போயிடுச்சு.
வயித்துல ஒரு பை, பைக்குள்ள ஒரு கதவு.

முதல் வரிய எழுதினப்போ எனக்கே சிலிர்த்துச்சு, பொய் ஒரு எழுத்து கூட இல்ல, ஆனாலும் யாராலயும் உடனே சொல்ல முடியாது. வரிசையும் முக்கியம். கதவ முதல்ல சொன்னா அந்த நிமிஷமே முடிஞ்சிடும். கஷ்டமானது முதல்ல, நடுவுல ஒரு நூல், கடைசி வரிய கேட்டதும் "அட ஆமா"ன்னு வரணும்.

ஜனவரி 8, புதன்

காலையில நல்ல பனி, வாசல் தெளிக்கப் போனா எதிர் வீடு தெரியல. இன்னிக்கு மிக்கி மவுஸ். "எனக்கு விரல் நாலு, உறை போட்டிருக்கேன், ஆனா குளிருக்கு இல்ல"ன்னு எழுதி பசங்ககிட்ட சொன்னேன், உடனே ஒருத்தி "ஏன் மிஸ் நாலு"ன்னு கேட்டுட்டா. அந்தக் காலத்துல எல்லாம் கையால வரையிறது, ஒரு செகண்டு ஓடுற சினிமாவுக்கு 24 ஃப்ரேம், ஒரு விரல் குறைஞ்சா எவ்ளோ வேலை மிச்சம்னு சொன்னேன். உறை கதையும் அப்படித்தான், 1928 நவம்பர் 18ல முதல் படம் தியேட்டருக்கு வந்தப்போ மிக்கிக்கு உறையே கிடையாது, கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்பு உடம்பு மேல கறுப்புக் கைய வெச்சா கண்ணுக்குத் தெரியல, அதனால 1929ல வெள்ளை உறை வந்துச்சு. அவ உடனே தன் கைய டேபிள் மேல வெச்சு, கட்ட விரல விட்டுட்டு ஒரு விரல மடக்கிப் பாத்துக்கிட்டே இருந்தா.

ஜனவரி 11, சனி

எங்கம்மாவ தெருப் பசங்க எல்லாம் ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. பொங்கலுக்கு மாவு இடிக்க வெயில்ல அரிசி உலத்திக்கினு இருந்தாங்க, பக்கத்துல உக்காந்து க்ளூ எல்லாம் படிச்சுக் காட்டினேன். "இன்னாடி இது, பேரச் சொல்லாமயே பேரச் சொல்ற மாதிரி கீது"ன்னாங்க. அப்புறம் அவங்களா ஆரம்பிச்சாங்க, "அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள், இன்னா சொல்லு?" அம்மியும் குழவியும். சின்ன வயசுல இருந்து கேட்டதுதான், ஆனா க்ளூ எழுத ஆரம்பிச்ச பிறகு கேக்குறப்போ அதோட வேலைப்பாடு தெரியுது. கல்லுன்னு ஒரு வார்த்தை இல்ல, கறுப்புன்னு இல்ல, மசாலா அரைக்கிறதப் பத்தி மூச்சே இல்ல. ரெண்டு பேருக்கு என்ன உறவு, யார் அசையிறாங்க யார் அசையல, அவ்ளோதான். இத்தன வருஷம் கழிச்சும் பசங்க அதக் கேட்டு யோசிக்கிறாங்கன்னா காரணம் அதுதான்.

இதையே டாம் அண்ட் ஜெர்ரிக்கு வெச்சுப் பாத்தேன். பூனை எலின்னு சொல்லக்கூடாது, துரத்தலச் சொல்லக்கூடாது. உறவ மட்டும் சொல்லணும்.

ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல், ஒண்ணு ஆள் உசரம், ஒண்ணு சுவத்து அடியில.
வீட்டுக்காரம்மா காலு தெரியும், முகம் தெரியாது.
ஒருத்தன் இல்லன்னா இன்னொருத்தனுக்கு நாளே போகாது, ரெண்டு பேரையும் சேத்துச் சொன்னாத்தான் மார்க்.

ஆயா மூணாவது வரி வரைக்கும் காத்திருக்கல, வீட்டுக்காரம்மா காலு வந்ததுமே "நம்ம வூட்டுப் பசங்க பாக்குற அந்த சண்டக்காரப் பசங்கதான"ன்னு சொல்லிட்டாங்க. பேச்சே தேவையில்லாத கார்ட்டூன்ங்கறதால அவங்களும் பசங்களோட உக்காந்து பாத்திருக்காங்க. வில்லியம் ஹன்னாவும் ஜோசஃப் பார்பெராவும் 1940ல பண்ண முதல் படத்துல பூனைக்கு டாம்னே பேர் இல்ல, ஜாஸ்பர்னு பேர். அப்புறம் அந்த வரிசைக்கு 7 ஆஸ்கர். இதெல்லாம் க்ளூவுக்கு வேண்டாம், பதில் வந்த பிறகு மைக்ல சொல்லிக்கலாம்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்னிக்கு கமிட்டிப் பசங்களோட உக்காந்து பேசினதுல ஒரு விஷயம் தெளிவாச்சு. தெருவுல மூணு தலைமுறை கார்ட்டூன் இருக்கு. எங்க வயசுக்காரங்களுக்கு 1995ல கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது, பாப்பாய், ஸ்கூபி டூ, ரோட் ரன்னர் எல்லாம் இங்கிலீஷ்லயே ஓடும், ஒரு வார்த்தை புரியாம கண்ணாலயே பாத்து வளந்தோம். காலேஜ் பசங்களுக்கு 2007ல வந்த சுட்டி டிவி, டோரா புஜ்ஜின்னா உயிரு, ஜாக்கி சான் கார்ட்டூன் பேச்ச எடுத்தா அந்தக் கதையில வர்ற 12 மந்திரத் தாயத்தையும் வரிசையா சொல்றாங்க. இப்பத்திய வாண்டுங்களுக்கு சோட்டா பீம், மோட்டு பட்லு, ஷின்சான். அதனால ஒரு வயசுக்காரங்க மட்டும் இருக்குற டீம் வேண்டாம், ஒவ்வொரு டீம்லயும் ஒரு வாண்டு, ஒரு காலேஜ், ஒரு அப்பாவோ அம்மாவோ இருக்கணும்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. வீட்டுல ஆளுக்கொரு போன்ல தனித்தனியா பாக்குறவங்க ஒருத்தர ஒருத்தர் கேட்டாத்தான் பதில் வரும்ங்கற நெலம இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும், எனக்கு இந்தப் போட்டியில ரொம்ப ஆசையா இருக்குறதே அதுதான்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியக்காலம் நாலு மணிக்கே மேளச் சத்தம், தெரு பூரா புகை. எழுதினது ஒண்ணே ஒண்ணு, 1949ல இருந்து ரோட் ரன்னர்ங்கற பறவைய துரத்துற ஓநாய்க்கு:

தரை இல்லாத இடத்துல நிப்பேன், கீழ பாக்குற வரைக்கும் விழ மாட்டேன்.
பார்சல்ல வர்ற எல்லாமே என்னையே அடிக்கும்.
இத்தன வருஷமா எனக்குப் பசி.

மூணாவது வரிய படிக்கிறப்போ கொஞ்சம் பாவமாவும் இருக்கு. இருக்கட்டும்.

ஜனவரி 16, வியாழன், காணும் பொங்கல்

கோட்டைக்கும் அமிர்தி உயிரியல் பூங்காவுக்கும் போனவங்க எல்லாம் திரும்பி வந்து அஞ்சரைக்கு மேலதான் கூட்டம் சேந்துச்சு. தெரு முனையில ஷாமியானா, மைக் செட்டு, கரும்பு கட்டின கம்பம். முதல் க்ளூல சொன்னா 5 மார்க், ரெண்டாவதுல 3, மூணாவதுல 1. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல பத்து எண்ற நேரம் கொடுத்தேன், அவசரப்படுத்தினா விடுகதை செத்துடும்.

டோரேமான் முதல் வரியிலயே ஒரு தாத்தா எழுந்து "பொறக்காதவன் எப்டிமா டிவில வருவான், தப்பா கீது கேள்வி"ன்னு சண்டைக்கு வந்துட்டாரு, அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள அவரோட பேத்தி அவரு சட்டையப் புடிச்சு இஸ்துக்குனே "டோரேமான் மிஸ், டோரேமான்"னு கத்திட்டா. 5 மார்க். எப்படிம்மான்னு மைக்க நீட்டினேன். "அவன் ஃபியூச்சர்ல இருந்து வந்தவன் தாத்தா, இன்னும் அந்த வருஷமே வரல"ன்னு அவரப் பாத்தே விளக்குறா, என்ன பாக்கவே இல்ல. தாத்தா கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு "சரிதான்"னு உக்காந்தாரு.

ஓநாய் வந்தப்போ வாண்டுங்க பக்கம் ஒரு சத்தமும் இல்ல. காலேஜ் பசங்க ஏதோ சூப்பர் ஹீரோன்னு போட்டாங்க, ஏர்ல நிக்கிறான்ல அதனால. பார்சல் வரி வந்ததும் லாரி ஓட்டுற ஒரு அண்ணன், நைட்டு ட்ரிப்புக்குக் கிளம்புறவரு, பைய தோள்ல மாட்டிக்கினே "ரோட் ரன்னர தொரத்துமே, அந்த ஓநாய்"னு சொன்னாரு. அவரு பையனுக்கு ஆச்சரியம் தாங்கல, "நைனா, நீ கார்ட்டூன் பாப்பியா?"ன்னு கேட்டுக்கிட்டே அவரு கூட பைக் வரைக்கும் போனான்.

டோராவுக்கு மட்டும் முதல் க்ளூவ நான் எழுதல, நடிச்சுக் காட்டினேன். "நாம இப்ப எந்தப் பக்கம் போகணும்?"னு மைக்ல கேட்டுட்டு ஒண்ணும் பேசாம கூட்டத்தயே பாத்துக்கிட்டு நின்னேன், கண்ண மட்டும் சிமிட்டினேன். ரெண்டு செகண்டுல மொத்த காலேஜ் கூட்டமும் "டோரா!"ன்னு கத்துச்சு, யாரோ பின்னாடி இருந்து "குள்ளநரி திருடக்கூடாது"ன்னு சேத்துவிட்டாங்க. அந்தக் கார்ட்டூனோட அடையாளமே அந்த மௌனம்தான், கேள்வி கேட்டுட்டு வீட்டுல இருக்குற குழந்தை பதில் சொல்றதுக்காக நேரம் விட்டு நிக்கும். மௌனத்தையே க்ளூவா வெக்க முடியும்னு பாத்ததுல எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஜாக்கி சானுக்கு "என் பேர்ல நிஜமாவே ஒரு ஆளு இருக்காரு, கதை முடிஞ்சதும் அவரே வந்து பசங்களுக்குப் பதில் சொல்லுவாரு"ன்னு வெச்சிருந்தேன், உடனே வந்துச்சு. ஸ்கூபி டூவுக்கு "பேயத் தேடுறதுதான் வேலை, பேய்னா பயம், கடைசியில புடிச்சா மனுஷன்". அதுவும் வந்துச்சு. மோட்டுவ வாண்டுங்க விட்டுவெப்பாங்களா, "வயிறு நெறஞ்சாத்தான் மூளை"ன்னு நான் வாய மூடுறதுக்குள்ள முடிஞ்சுது. பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மேடைய விட்டு எறங்கினப்புறமும் அங்கங்க கூட்டமா நின்னு க்ளூ கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஜனவரி 17, வெள்ளி

பையன்க எல்லாம் பக்கத்து ஊரு மாடு விடுற திருவிழாவுக்கு அவங்கவங்க அப்பாவோட போயிட்டாங்க. மிக்கிக்காக விரல மடக்கிப் பாத்தாளே, அந்தப் பொண்ணு மட்டும் சாயங்காலம் நோட்ட எடுத்துக்கிட்டு வந்தா, தானே ஒரு க்ளூ எழுதியிருக்கா. 1999ல வந்த கார்ட்டூன்ல வர்ற கரேஜ்ங்கற பயந்தாங்கொள்ளி நாய்க்கு. அவங்க அண்ணன் போன்ல காட்டினானாம். அஞ்சாவது படிக்கிற பொண்ணு, ஒரே ஒரு வரியில ரோஸ் கலர்னு வந்திருந்துச்சு, அத எடுக்கலாமான்னு கேட்டேன், கொஞ்சம் யோசிச்சுட்டு அவளே அடிச்சிட்டா. அடிச்ச பிறகு நோட்டுல மிச்சம் இருக்குறது இதுதான், அடுத்த வருஷம் முதல் கேள்வியா இதத்தான் படிக்கப் போறேன்:

எங்க வீட்டச் சுத்தி கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஒரு வீடு இல்ல.
தாத்தா பயமுறுத்துவாரு, பாட்டி மடியில வெச்சுக்குவாங்க.
என்ன வருதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும், நடிச்சு நடிச்சுக் காட்டினாலும் யாருக்கும் புரியாது.
பயந்துக்கிட்டேதான் காப்பாத்துவேன்.