பேர் சொல்லாததும் ஜாம் பாட்டிலும்

வசம்பை எங்க அம்மாச்சி வசம்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை. விளக்கு வெச்ச பிறகு கேட்கவே வேண்டாம், 'பேர் சொல்லாதது'தான். அந்தப் பேரை நாள் பூரா லேபிளில் எழுதி ஒட்டுற வேலைதான் பேத்திக்கு வாய்ச்சிருக்கு.

செடியோட சின்னத் துண்டைப் பாட்டிலுக்குள்ள வளர்த்துப் பெருக்குற டிஷ்யூ கல்ச்சர் லேபில் இருக்கேன். முக்கால்வாசி நாள் ஜி-9 ரக வாழை. வாழை சொன்ன பேச்சு கேட்கும். வசம்பு கேட்காது. விதை பிடிக்கிறது அபூர்வம், கிழங்கை வெட்டித்தான் நடணும். அதனாலதான் ஒரு மொட்டை எடுத்துப் பாட்டிலுக்குள்ள பெருக்குற யோசனையே. ஆனா கிழங்கு வளர்ந்தது சேத்துக்குள்ள. கணுவுக்குக் கணு அழுக்கு. ஓடுற தண்ணியில் அரை மணி நேரம், அப்புறம் சோப்புக் கரைசல், பாவிஸ்டின்ங்கிற பூஞ்சைக்கொல்லி, கடைசியா லேமினாருக்குள்ள (வடிகட்டின சுத்தமான காத்து வீசுற மேசை) கிருமியைக் கொல்ல 0.1 சதவீத மெர்குரிக் குளோரைடு. அதில் ஒரு நிமிஷம் கூடினா மொட்டு கருகிடும். குறைஞ்சா மூணாம் நாள் மொட்டைச் சுத்திப் பால் சிந்தின மாதிரி பாக்டீரியா. மொட்டு வளர பாட்டிலில் ஊத்துற மீடியா லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போட்டது, பாக்டீரியாவுக்கும் விருந்துதானே.

முதல் தடவை 60 ஜாம் பாட்டில் வெச்சேன். 47 போச்சு. போனில் புலம்பினப்போ அம்மாச்சி, "சீசா பூரா அந்தப் பேரை எழுதி ஒட்டினா எப்படிடி விளங்கும்?"னாங்க.

அடுத்த தடவை லேபிளில் 'பே.சொ.'ன்னு எழுதினேன். 19 மட்டும்தான் போச்சு! கிழங்கை ஒரு மாசம் கழுவின மணலில் வெச்சு, புதுசா விட்ட மொட்டை மட்டும் எடுத்ததுதான் காரணம். அம்மாச்சி ஒத்துக்கலை. லேபிளையும் நான் மாத்தலை.

லேபில் எப்பவும் ஸ்பிரிட் வாசனைதான். வளர்ந்ததைப் பிரிச்சுப் புதுப் பாட்டிலுக்கு மாத்துற சப்கல்ச்சர் பண்றப்போ மட்டும் வேற. எங்க லேமினாரில் காத்து உள்ளேயிருந்து நம்ம முகத்தைப் பார்த்து வீசும். தூரைப் பிரிக்க பிளேடை வெச்சதும், மாஸ்க்கையும் தாண்டி வசம்பு வாசம் வந்து அடிக்கும். விளக்குத் தீயில் சுட்டு, கல்லில் உரசி, தம்பி நாக்கில் தடவின அதே வாசம். (வசம்பில் பீட்டா-அசரோன்ங்கிற நச்சுப் பொருள் இருக்கு, கைக்குழந்தைக்குக் கொடுக்காதீங்க. இதுக்காக அம்மாச்சியோட நான் போட்ட சண்டை தனிப் பதிவு.)

பாட்டிலுக்குள்ள ஈரத்திலேயே வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு சரியா இருக்காது. வெளியே எடுத்தா அரை மணியில் துவண்டுடும். வேரில் ஒட்டின அகாரை (மீடியாவைக் கெட்டியாக்குற ஜெல்லி) கழுவி, கோகோபீட் தட்டில் நட்டு, பாலித்தீன் மூடி, நாளுக்குக் கொஞ்சமா திறந்துவிட்டுத்தான் பழக்கணும். அப்படித் தேறினதில் பத்தை ஊருக்கு எடுத்துட்டுப் போனேன்.

அம்மாச்சி ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வெச்சாங்க. "வாசம் இருக்கு. ஆனா என்னடி, புல்லு மாதிரி இருக்கு?" சொல்லிக்கிட்டே துவைக்கிற கல்லுத் தண்ணி ஓடுற ஓரமா நட்டாங்க. அதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடுச்சு. பக்கத்து வீட்டக்கா எட்டிப் பார்த்து, "என்ன செடி பெரியம்மா?"ன்னாங்க.

"பிள்ளை வளர்ப்பான்."