என்டர் தட்டாமல்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கிடங்குக்காக ஜாவா என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். லினக்ஸ் டெர்மினலில், அதாவது எழுத்துகள் மட்டும் வரும் கட்டளைத் திரையில், ஓடும் சின்ன புரோகிராம். பெட்டியின் பார்கோடைக் காட்டினால் விவரம் திரையில் வரும். 1 அழுத்தினால் சரி, 2 அழுத்தினால் குறை, 3 என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். சரிபார்க்கும் அக்கா இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எண்ணை அழுத்துவார்.

முதல் வாரமே கேட்டுவிட்டார்: "ஏனுங்க தம்பி, ஒண்ணு அமுக்குனாப் பத்தாதுங்களா? எதுக்கு இந்த என்டர் வேற?"

நியாயமான கேள்வி. அடித்ததைப் படித்துக் கொடுக்கும் ஜாவாவின் ஸ்கேனர் கிளாஸை (பார்கோடு ஸ்கேனர் இல்லை) விட்டுவிட்டு, கீபோர்டில் அடிப்பது வந்து சேரும் சிஸ்டம்.இன்-இல் நேராக ஒரே ஒரு பைட் மட்டும் படித்துப் பார்த்தேன். அப்போதும் என்டர் தட்டும்வரை எதுவும் வரவில்லை. பிறகுதான் புரிந்தது, பிடித்து வைத்திருப்பது ஜாவா இல்லை, டெர்மினல். வரி முழுவதும் முடியட்டும், அதற்குள் பேக்ஸ்பேஸ் அடித்துத் திருத்தினாலும் திருத்தட்டும் என்று அது காத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லும் கட்டளை எஸ்டிடிஒய் (stty). ஜாவாவிலிருந்து அதை ஓட்டினால், 'இது டெர்மினலே இல்லை' என்கிற மாதிரி ஒரு பிழைச்செய்தி. காரணம், ஜாவா தொடங்கும் துணை புரோகிராமின் உள்ளீடு கீபோர்டோடு சேர்ந்திருக்காது. ஜாவாவே போட்டுவைத்த ஒரு குழாயோடு சேர்ந்திருக்கும். கட்டளைகளை ஓட்டும் ஷெல் வழியாகப் போய், உள்ளீட்டை டெவ் டிடிஒய்-யிலிருந்து (/dev/tty, நிஜ டெர்மினலைக் குறிக்கும் பெயர்) எடு என்று சொன்ன பிறகே வேலை செய்தது. 1 என்று தொட்டதும் அடுத்த பெட்டி வந்தது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து போன். கீபோர்டு கெட்டுவிட்டதாம், மாற்றியும் பார்த்துவிட்டார்களாம், என்ன அடித்தாலும் திரையில் எழுத்தே வரவில்லையாம். நேரில் போனபோது புது கீபோர்டு ஒன்று பிரித்து வைத்திருந்தது. கோளாறு என் புரோகிராமில்தான். அழுத்தும் எழுத்து திரையில் தெரிய வேண்டாம் என்று எக்கோவை அணைத்திருந்தேன். பழையபடி திருப்பி வைக்கும் வரியை, வேலை முடிந்ததும் கடைசியாக ஓடும் ஃபைனலி பிளாக்கில் எழுதியிருந்தேன். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியேறினால் ஃபைனலி ஓடாது. அதை, ஜாவா மூடப்படும்போது ஓடும் ஷட்டவுன் ஹூக்குக்கு மாற்றினேன். புரோகிராமைக் கில் மைனஸ் 9 என்ற கட்டளை போட்டு ஒரேயடியாக வெட்டினால் அந்த ஹூக்கும் ஓடாதே? அதனால் ஜாவாவைத் தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்டிலேயே பழைய நிலையை முதலில் சேமித்து, ஜாவா எப்படிச் செத்தாலும் கடைசியில் திருப்பிவைக்கச் செய்தேன். டெர்மினல் நம்முடையது இல்லை, இரவல் வாங்கியது. இன்றைக்கு எழுதுவதாக இருந்தால் டெர்மினலைக் கையாள ஆயத்தமாகக் கிடைக்கும் ஜேலைன் என்ற நிரல் நூலகத்தைத்தான் எடுப்பேன். இந்தத் தலைவலியில் பெரும்பகுதியை அது பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் நிறம். குறை என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை. எஸ்கேப் எழுத்து (எண் 27), ஒரு சதுர அடைப்பு, 31, சின்ன எம் என்று அனுப்பினால் அதன் பிறகு வருவதெல்லாம் சிவப்பு. 31-க்குப் பதில் 0 போட்டு முடிக்கும்வரை அப்படியே இருக்கும். இது சுலபம். ஆனால் மாலை ஷிப்டில் இருந்தவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று வெகு தாமதமாகத் தெரியவந்தது. குறை வரும் வரியை 7 என்ற எண்ணால் தலைகீழாக்கினேன்: எழுத்தின் நிறம் பின்னணிக்கு, பின்னணியின் நிறம் எழுத்துக்கு. நிறத்தை மட்டும் நம்பி ஒரு விஷயத்தைச் சொல்வதை அன்றோடு விட்டேன்.

உண்மையில் என்னை அதிகம் படுத்தியது தமிழ். 'குறை' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து. நீளத்தை எண்ணிச் சொல்லும் ஜாவாவின் லெங்த் நான்கு என்கிறது: க, உகரக் குறி, ற, ஐகாரக் குறி. அதை நம்பி இடைவெளி நிரப்பினால் பட்டியலின் ஓரம் வரிக்கு வரி ஏறி இறங்கும். எழுத்து எங்கே முடிகிறது என்று பிரித்துக் காட்டும் ஜாவாவின் பிரேக் இடரேட்டர் கொண்டு எழுத்துகளைச் சரியாக எண்ணினேன். அப்போதும் ஓரம் நேராகவில்லை, டெர்மினலில் 'கு'வும் 'றை'யும் ஒரே அகலம் பிடிப்பதில்லை. கடைசியில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். எஸ்கேப், அடைப்பு, 40, பெரிய ஜி என்று அனுப்பினால் கர்சர் நேராக 40-ஆம் பத்திக்குப் போய் நிற்கும். முன்னால் இருக்கும் சொல் அந்தப் பத்தியைத் தாண்டாதவரை எவ்வளவு நீளமானாலும் சரி.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அக்காவின் கை பழைய பழக்கத்தில் 1 அழுத்தியதும் என்டரையும் தட்டியது. அந்த என்டர் 10 என்ற பைட்டாக வந்து அடுத்த பெட்டிக்கு 'தவறான எண்' என்று காட்டியது. கையைத் திருத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. பதில் கேட்கும் இடத்தில் 10 வந்தால் பேசாமல் தள்ளிவிடும்படி எழுதி, தள்ளியதை லாகில், அதாவது பதிவுக் கோப்பில், மட்டும் குறித்துவைத்தேன். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தபோது, அந்த 10-கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்திருந்தன.